கரப்பான் பண்டம்

2023ஆம் ஆண்டு தை மாதம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பால், தயிர், மோர், நெய், முட்டை, கோதுமை, ரவை, மைதா, நிலக்கடலை, எள், சோயா, மீன், கருவாடு, கத்தரிக்காய், தக்காளி, கம்பு, மொச்சை என்று அதில் 17 பெயர்கள். மேலே இருந்தவை ஓர் ஆய்வகத்தின் அறிக்கையிலிருந்து வந்தவை. கீழே இருந்தவை ஆச்சியின் நாவிலிருந்து வந்தவை. மீன் மட்டும் இரண்டு தரப்பிலும் இருந்தது. இத்தனையையும் விலக்க வேண்டியவள் குழந்தை அல்லள். அவளுக்கு அப்போது ஏழு மாதம், பல் முளைக்கவில்லை. விலக்க வேண்டியவர் அவளுக்குப் பால் கொடுத்தவர்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் அது கணவன் மனைவி இருவரையும் குறிக்கும். எங்களில் ஒருவர் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் கணிதம் கற்பிப்பவர். தமிழ் கற்பிப்பவரும் பால் கொடுத்தவரும் ஒருவரே. அதற்குமேல் யார் அழுதார், யார் சினந்தார் என்று பிரித்தெழுத மனம் வரவில்லை. அந்த மாதங்களில் இரண்டையும் இருவரும் முறைவைத்துச் செய்தோம்.

மணமாகிப் பதினொரு ஆண்டுகள் கழித்து, நாற்பதைத் தாண்டிய பிறகு, 2022 ஆனியில் பாளையங்கோட்டையில் எங்களுக்கு மகள் பிறந்தாள். மூன்றாம் மாதம் அவளுடைய கன்னங்கள் சிவந்தன. பார்க்க வந்தவர்கள் "கன்னம் எப்படிச் சிவந்திருக்கு பாருங்க" என்று திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்கள். பத்து நாளில் அந்தச் சிவப்பின் மேல் செதில் எழும்பி, செதில் வெடித்து நீர் கசிந்தது. உச்சந்தலை, நெற்றி, முழங்கையின் வெளிப்புறம், கெண்டைக்கால் என்று அது இடம் பிடித்துக்கொண்டே போயிற்று. பகலில் அவள் சிரிப்பாள். இரவில், தன் நகத்தைப் பயன்படுத்தக்கூடத் தெரியாத வயதில், முகத்தை எங்கள் தோளில் வைத்து இடமும் வலமுமாகத் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்துக் குருதி வரும். ஆறு மாத விடுப்பு முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய முதல் வாரத்தில், குறுந்தொகை வகுப்பின் நடுவே முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, தோள்ல ரத்தமா இருக்கு" என்றாள். இரவு மாற்றிய சேலை என்று நினைத்திருந்தோம். விடியற்காலையில் மீண்டும் ஒருமுறை தூக்கியது நினைவில் இல்லை.

நோய்க்கு முதலில் பெயர் சொன்னவர் ஆச்சிதான். (பால் கொடுத்தவரின் தாய். பேத்தி பிறந்த நாள் முதல் எங்கள் இருவருக்கும் அவர் ஆச்சி ஆகிவிட்டார்.) குழந்தையைத் திண்ணை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரப்பான்ளா இது. கருவாடும் கத்தரிக்காயும் தின்னா பிள்ளை மேல பூக்காம என்ன செய்யும்?" என்றார்.

கரப்பான் பழைய சொல். குழந்தைகளுக்கு வரும் தோல்வெடிப்புக்கு அகராதிகள் தரும் சொல்லும் அதுவே. கரத்தல் என்றால் மறைதல், மறைத்தல். சுவரிடுக்கில் ஒளியும் பூச்சிக்கு அப்பெயர் பொருந்துவது தெளிவு. நோய்க்கும் அதே வேரா என்று உறுதி கூற இயலாது. ஆனால் ஒரு வாரம் மறைந்து மறுவாரம் வேறிடத்தில் தலைகாட்டும் அதன் குணத்தைக் கண்டவர்கள் அந்த ஊகத்தை எளிதில் ஏற்பார்கள். மேலைச் சொல்லான 'எக்ஸிமா' கிரேக்கத்தில் பொங்கி வழிதலைக் குறிப்பது. மருத்துவர் சீட்டில் அதற்கு முன்னே ஓர் அடைமொழி இருந்தது: 'அடோபிக்'. 1923இல் ஆர்தர் கோக்கா, ராபர்ட் குக் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், ஆஸ்துமா, தும்மல் நோய் போன்று குடும்பவழி வரும் கோளாறுகளுக்குப் பொதுப்பெயர் தேடி, கொலம்பியா பல்கலைக்கழக மொழிப் பேராசிரியர் ஒருவரிடம் போனார்கள். அவர் எட்வர்ட் பெர்ரி. இடம் பிறழ்ந்தது என்ற பொருளில் 'அடோபி' என்ற சொல்லைக் கொடுத்தனுப்பியவர் அவர்தான். மருத்துவர்கள் சொல் கேட்டு மொழியாசிரியர்களிடம் வந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது என்பதில் எங்களில் ஒருவருக்கு மட்டும் சிறு பெருமிதம். வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே 1906இல் படைத்த 'அலர்ஜி' என்ற சொல்லுக்குத் தமிழில் 'ஒவ்வாமை' என்று ஆக்கியவர் யாராயினும் வணங்கத்தக்கவர். பகை என்றோ நஞ்சு என்றோ ஆக்காமல், பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திய அடக்கம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

நிற்க. சொற்கள் நோயைத் தீர்ப்பதில்லை.

ஆச்சி சொன்ன 'கரப்பான் பண்டம்' என்பதும் அகராதி ஏறிய தொடரே. உண்டால் தோலில் சொறியும் தடிப்பும் கிளப்பும் என்று நம்பப்படும் உணவுகளுக்கு அது பொதுப்பெயர். பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் ஒவ்வோர் உணவின் குணத்தையும் பாட்டாகச் சொல்லிவைத்தன. வீட்டுப் பெண்கள் அதைப் பாட்டில்லாமல் மனப்பாடம் செய்துவைத்தார்கள். பாளையங்கோட்டை 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கும் ஊர். இவ்வகைப் பேச்சு எங்களுக்கு அந்நியமன்று. ஆனால் பத்தியம் என்ற சொல்லின் உள்ளே ஒரு தீர்ப்பு ஒளிந்திருப்பதை அதுவரை நாங்கள் கவனித்ததில்லை. உண்டது தாய்; பூத்தது குழந்தையின் மேல். ஆகவே ஒவ்வொரு கொப்புளத்துக்கும் முதல்நாள் அடுப்பங்கரையில் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். ஆச்சி அன்பானவர். ஆயினும் குழந்தை இரவில் வீறிடும்போதெல்லாம் அவர் கேட்ட முதற்கேள்வி, "மத்தியானம் என்ன தின்னே?" என்பதுதான்.

நாங்களும் அப்படியே கேட்கத் தொடங்கினோம். அதுதான் கொடுமை. கணிதம் கற்பிப்பவர் ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் உணவும் வலப்பக்கம் சிவப்பும் எழுதிவந்தார். 42 நாள் எழுதினார். எந்த உறவும் தென்படவில்லை. தென்படவில்லை என்பதையே தடயம் என்று கொண்டு, இன்னும் எதையோ விட்டுவிட்டோம் என்று பட்டியலை நீட்டினோம்.

இடையில் ஒரு களிம்பு வந்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்ல, ஒரு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியது. இரண்டே நாளில் கன்னம் பளிங்காயிற்று. ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தோம். நிறுத்திய நான்காம் நாள் முன்னிலும் மோசமாகத் திரும்பியது. பிற்பாடு தெரிந்தது, அது வீரியம் மிகுந்த ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த மூவகைக் கலவை. குழந்தை முகத்தில் படவே கூடாதது. இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018இலேயே விதி செய்திருக்கிறது. விதி இருப்பது கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்குத்தான் தெரியவில்லை; கேட்கவும் இல்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு ஸ்டீராய்டு என்ற சொல்லே எங்களுக்கு நடுக்கம் தந்தது. முறையாகப் போய்ப் பார்த்த முதல் மருத்துவர் மென்மையான ஒன்றை எழுதிக்கொடுத்தபோது, கடுகளவு எடுத்துக் கால் முழுவதும் தடவினோம். பிறகு அதையும் நிறுத்தினோம். அவரே ஓர் இரத்தப் பரிசோதனையும் எழுதியிருந்தார். உணவு ஒவ்வொன்றுக்கும் எதிராகக் குழந்தையின் குருதியில் ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, எள், சோயா, மீன் ஏழுக்கும் நேராக 'உண்டு' என்று வந்தது. "எல்லாத்தையும் நிறுத்திடுங்க" என்றார்கள். பரிசோதனைக்கூடத்தின் முத்திரை இருந்ததால் ஆச்சியின் பட்டியலைவிட இது எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து எழுதிக் கதவில் ஒட்டினோம்.

பிறகு மூன்று வாரம் அந்தத் தாள்தான் வீட்டை ஆண்டது. பால் கொடுத்தவரின் தட்டில் சோறு, பாசிப்பருப்பு, பூசணி, பீர்க்கு, சுரைக்காய். எடை ஏற்கெனவே பத்தியத்தில் 61இலிருந்து 55க்கு வந்திருந்தது, இப்போது 52. குழந்தைக்குக் கூழும் பருப்புச் சாறும் மட்டுமே. ஐந்தாம் மாதம் 6.2 கிலோ இருந்தவள் ஏழரை மாதத்தில் 6.4 கிலோ. இரண்டரை மாதத்தில் 200 கிராம். கன்னம் மட்டும் அப்படியே, சிவந்து, வெடித்து. ஒருநாள் பின்னிரவில் எங்களில் ஒருவர், "பால் கொடுப்பதையே நிறுத்திவிடட்டுமா? என் பால்தானே விஷம்?" என்று கேட்டார். மற்றவரால் அதற்கு உடனே 'இல்லை' என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத அந்த சில நொடிகள் இன்றும் எங்களிடையே இருக்கின்றன. எழுதலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம்.

மாசியில் வேறொரு ஊரில் ஒரு குழந்தைத் தோல்மருத்துவரைப் பார்த்தோம். நாங்கள் குறிப்பேட்டையும் அறிக்கையையும் நீட்டினோம். அவர் வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் குழந்தையின் உடைகளைக் கழற்றச் சொன்னார். தலையிலிருந்து கால்வரை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு தாயின் பக்கம் திரும்பினார். "நீங்க முதல்ல சாப்பிடுங்கம்மா" என்றார்.

எத்தனையோ மருத்துவ வாக்கியங்களை அதன்பின் கேட்டோம், படித்தோம். இதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. எங்கள் மகளுக்கு நோய் தொடங்குவது தோலில். தோலின் மேலடுக்கு, செத்துத் தட்டையான செல்களும் அவற்றிடையே சாந்துபோல நிரம்பிய கொழுப்பும் சேர்ந்த சுவர். அந்தச் சுவரைக் கட்ட உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள பழுது இந்நோய்க்கு வலுவான காரணங்களுள் ஒன்று என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரை மையமாகக் கொண்ட ஆய்வுக்குழு 2006இல் கண்டது. சுவர் பழுதானால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியே இருப்பவை உள்ளே நுழையும். ஆகவே முதல் வேலை சுவருக்குச் சாந்து பூசுவது. உணவைப் பற்றிய விசாரணை பிறகு.

மருந்தாக அவர் தந்தது ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளியது. வெந்நீர் வேண்டாம், கை பொறுக்கும் இளஞ்சூட்டில் ஐந்து முதல் பத்து நிமிடக் குளியல். நறுமணமில்லாத மென்மையான வழலை. துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன், மூன்று நிமிடத்துக்குள், உடல் முழுவதும் கெட்டியான ஈரப்பதக் களிம்பு. எவ்வளவு? நாங்கள் மாதத்துக்கு ஒரு சிறு குப்பி வாங்கிக்கொண்டிருந்தோம். அவர் வாரத்துக்கு 100 கிராம் தீர வேண்டும் என்றார். தீராவிட்டால் நீங்கள் பூசவில்லை என்று பொருள் என்றார். சிவந்த இடங்களுக்கு மட்டும் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோன். பெரியவரின் சுட்டுவிரல் நுனிக்கணு நீளத்துக்குக் குழாயிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும், குறையவும் கூடாது என்று தம் விரலிலேயே பிதுக்கிக் காட்டினார். அஞ்சி அஞ்சிக் கடுகளவு பூசி மாதக்கணக்கில் சொறியவிடுவதைவிட, அளவறிந்து சில நாள் பூசி அடக்குவதே குழந்தைக்கு நல்லது என்றார். அடங்கிய பிறகும் வழக்கமாகச் சிவக்கும் இடங்களில் வாரம் இருமுறை, சில காலம். எங்கள் அச்சத்தை அவர் எள்ளவில்லை. மூவகைக் கலவையின் கதையைக் கேட்டுவிட்டு, "பயப்பட வேண்டியது அதுக்குத்தான்" என்றார்.

ஐந்தாம் நாள் இரவு அவள் தொடர்ந்து நான்கு மணிநேரம் உறங்கினாள். நாங்கள் உறங்கவில்லை. மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் முறை போனபோதுதான் அந்த விசாரணை நடந்தது. "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பாப்பா மேல யார் யார் கை படுது, அந்தக் கை அதுக்கு முன்னாடி எதைத் தொட்டுச்சு, சொல்லுங்க" என்றார். விந்தையான வினாவாக இருந்தது. சொன்னோம். காலை ஏழு மணிக்கு ஆச்சி தாத்தாவுக்கு முட்டை அடிப்பார். (எங்கள் தட்டுக்குத்தான் விலக்கு, தாத்தாவுக்கு இல்லை.) கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார். எச்சில் வழிந்தால் அதே முந்தானையால் கன்னத்தைத் துடைப்பார். பிறகு நலங்குமாவுக் குளியல். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு எல்லாம் வெயிலில் காயவைத்து அரைத்தது, வீட்டுப் பெருமை. அந்த மாவை வெடித்த கன்னத்தில் வைத்து, அழுக்கு போகட்டும் என்று சற்று அழுத்தியே தேய்ப்பார். தினமும்.

மருத்துவர் குற்றம் சாட்டும் குரலில் பேசவில்லை. எது எதனால் வந்தது என்று ஒரு தனிக் குழந்தையை வைத்து நிறுவ முடியாது என்றும் சொன்னார். ஆனால் நாங்கள் செய்துவந்ததன் வடிவம் எங்களுக்கே அப்போது தெரிந்துவிட்டது. உணவு போகவேண்டிய வாயை அடைத்துவிட்டு, போகக்கூடாத வழியில், கிழிந்த தோலின் வழியே, அதைத் தினந்தோறும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. லண்டனில் பணியாற்றும் கிடியன் லாக் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருவது. வாய்வழி முதலில் அறிமுகமாகும் உணவோடு உடல் சமாதானம் கொள்ளும். வெடித்த தோல்வழி முதலில் அறிமுகமானால் பகை கொள்ளக்கூடும் என்பது அவர்கள் கருத்து. 2003இல் வெளியான அவர்களது ஆய்வில், நிலக்கடலை எண்ணெய் கலந்த தோல்களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை மிகுதியாகக் காணப்பட்டது. 2008இல் பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். நிலக்கடலை ஒவ்வாமை முன்னவர்களிடம் 1.85 விழுக்காடு, பின்னவர்களிடம் 0.17. இஸ்ரேலில் குழந்தைகள் தவழும் பருவத்திலேயே நிலக்கடலைப் பொரி தின்பவர்கள். பிறகு, கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு ஐந்து வயதுவரை நிலக்கடலையை விலக்கினார்கள். மறு கூறுக்குத் தவறாமல் கொடுத்தார்கள். 2015இல் முடிவு வந்தது. விலக்கியவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை, உண்டவர்களில் 3.2. (தோல் சோதனையில் மிகப் பெரிய தடிப்புக் காட்டிய குழந்தைகளை அவர்கள் தொடக்கத்திலேயே சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டுக் கடுமையான கரப்பானுள்ள குழந்தைக்கு யாரும் மருத்துவரைக் கேளாமல் கடலை ஊட்டிவிடக் கூடாது.) ஜப்பானில் 2017இல் வெளியான ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. தோலை நன்கு ஆற்றிக்கொண்டே, ஆறு மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப்பொடியை மிகச் சிறு அளவில் ஊட்டினார்கள். ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை ஊட்டியவர்களிடம் 8 விழுக்காடு, ஊட்டாதவர்களிடம் 38.

இதைப் படித்தபோது ஆச்சியின் மேல் எங்களுக்கிருந்த சினம் சற்றுத் தணிந்தது. ஏனெனில் 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே, ஒவ்வாமைக் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பால் ஒரு வயதுவரை, முட்டை இரண்டு வயதுவரை, கடலையும் மீனும் மூன்று வயதுவரை வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தது. தக்க சான்றில்லை என்று 2008இல் பின்வாங்கிக்கொண்டது. அவர்களும் எட்டு ஆண்டு பத்தியம் சொன்னவர்கள்தாம். வேறுபாடு ஒன்றுண்டு. அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்; எண்ணிக்கை எதிராக வந்ததும் கைவிட்டார்கள். ஆச்சியிடம் எண்ணிக்கை இல்லை. ஆறு பிள்ளைகளை வளர்த்த நினைவு இருந்தது. அந்த நினைவிலும் மெய் உண்டு. கரப்பான் கடுமையாக இருக்கும் கைக்குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் உணவு உண்மையிலேயே ஒவ்வாமல் இருக்கிறது. எது என்பதில்தான் சிக்கல்.

குருதியில் ஐ.ஜி.ஈ. இருப்பது, உடல் அந்த உணவை அறிந்துவைத்திருக்கிறது என்பதற்குச் சான்று. அறிமுகம் வேறு, பகை வேறு. உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணிநேரத்துக்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இளைப்பு என்று வந்தால் அது பகை. அது வரலாறாகவும் இல்லாமல், அறிக்கை மட்டும் காட்டுவதை நம்பி விலக்குவது வெறும் வீண்செயலாகக்கூட நிற்பதில்லை. சிகாகோவில் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அதுவரை உடனடி எதிர்வினை ஏதும் காட்டியிராத கரப்பான் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, உணவை விலக்கிய பிறகே அத்தகைய எதிர்வினை புதிதாகத் தோன்றியது. இருந்த சமாதானத்தை விலக்கு குலைத்துவிடுகிறது.

எங்கள் மகளுக்குத் தோலில் துளியிட்டுக் குத்திப் பார்த்தார்கள். கோதுமை, நிலக்கடலை, எள், சோயா, மீன் ஐந்திலும் தடிப்பு இல்லை. பாலுக்கு மிகச் சிறிது. முட்டைக்குப் பெரிது. ஆகவே பால் கொடுத்தவர் அன்று மாலையே ஒரு தம்ளர் காப்பி குடித்தார். பேருந்து நிலையக் கடையில், நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குழந்தைக்கு ஓர் உணவு, மூன்று நாள் இடைவெளி, பிறகு அடுத்தது. நிலக்கடலையை வறுத்து மாவாக அரைத்துக் கேழ்வரகுக் கூழில் கரைத்தோம். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், ஐந்து வயதுவரை ஆகாது. தயிர்ச் சோறு உண்டாள். சம்பா கோதுமைக் கஞ்சி உண்டாள். ஒவ்வொரு முறையும் இருவரும் அருகில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நிகழவில்லை. ஒன்றும் நிகழாமை இவ்வளவு பெரிய நிகழ்ச்சியாக அதுவரை எங்களுக்கு வாய்த்ததில்லை.

முட்டை வேறு. சித்திரையில், மருத்துவமனைக் கட்டிலில், அருகே மருந்துத் தட்டும் செவிலியும் இருக்க, வேகவைத்த முட்டையில் ஓர் அரிசியளவு கொடுத்தார்கள். பிறகு இரண்டு அரிசி. பதினைந்தாம் நிமிடம் வாயைச் சுற்றிச் சிவந்து தடித்தது. மேலுதடு வீங்கியது. இருமுறை வாந்தி எடுத்தாள். மருந்து கொடுத்தார்கள், ஒரு மணிநேரத்தில் தணிந்தது. வெளியே காத்திருந்த ஆச்சி உள்ளே வந்து அந்த உதட்டைப் பார்த்தார். தம் வலக்கையைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் தாத்தாவுக்கு முட்டை அடிப்பது நின்றது. நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை, கையைக் கழுவினால் போதும் என்றுதான் சொன்னோம். நலங்குமாவுச் சம்படம் பரணுக்குப் போனது. தேங்காய் எண்ணெய் மட்டும் தப்பியது. நல்ல தேங்காய் எண்ணெய் இத்தகைய தோலுக்கு உதவும் என்று பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வொன்றைச் சுட்டி மருத்துவரே அனுமதித்தார். ஆச்சிக்கு அதில் வெற்றிப் புன்னகை.

தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒரே ஒரு சொல் எழுதி ஒட்டினோம்: முட்டை. அதன் கீழே பேரெழுத்தில்: அப்பம் கடையில் வாங்கியதா எனக் கேள்.

இன்று அவளுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. நோய் போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்றே சொல்கிறோம். முகத்தைவிட்டு இறங்கி, வழக்கம்போல முழங்கை மடிப்புக்கும் முழங்கால் பின்மடிப்புக்கும் குடிபெயர்ந்திருக்கிறது. மார்கழிப் பனியில் தலைகாட்டும். சித்திரை வியர்வையிலும் தலைகாட்டும். களிம்புக் குப்பி குளியலறையில் உப்புச் சாடிபோல நிலையாக இருக்கிறது. அடுத்த குழந்தைக்குப் பிறந்த நாள் முதல் களிம்பு பூசினால் வராமல் தடுக்கலாமா என்று உடன் பணியாற்றும் இளம் தாய் ஒருவர் கேட்டார். 2020இல் பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள், தடுக்கவில்லை. சொன்னபோது அவர் முகம் வாடிற்று. வந்தால் ஆற்றத் தெரியும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னோம்.

இரண்டு வயதில், மாவோடு சேர்த்து நெடுநேரம் சூளையில் வெந்த முட்டையை மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தார்கள். தாங்கிக்கொண்டாள். ஆகவே கேக் உண்ணலாம். அவித்த முட்டைக்கு அடுத்த சோதனை தை மாதம். ஆச்சி நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டமிட்டு வைத்திருக்கிறார். போன வாரம் தம் பங்குக்கு மொச்சையும் கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்து, பேத்தியின் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"காரமா இருக்கு ஆச்சி" என்றாள் அவள். தண்ணீர் கேட்டாள். பிறகு இன்னொரு கரண்டி கேட்டாள்.